தனியாக இருக்கும்போது சளி, காய்ச்சல் வந்தால்: முதல் நாளிலிருந்து என்ன செய்யலாம்?

போன ஐப்பசியில் அக்கா மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மூக்கடைத்துப் போன குரலில், "சித்தி, ஆவி பிடிக்கச் சொல்லி அம்மா சொல்றாங்க. தண்ணில என்ன போடணும்? இங்க ஒரு கெட்டில்தான் இருக்கு" என்றாள். வீட்டில் இருந்தவரை யாரோ ஒருவர் கஷாயத்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் போனில் அரைமணி நேரம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். அவளைப் போல முதல் தடவை தனியாக இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சளி பிடிக்கக் காரணமான வைரஸ்கள் 200-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் ரைனோவைரஸ் வகைகள்தான் அதிகம் தொற்றுகின்றன. சுக்குக் கஷாயமோ துளசியோ இவற்றைக் கொன்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உடம்பு தானாகவே 7 முதல் 10 நாளில் சரிசெய்துகொள்ளும். அந்த நாட்களில் தொண்டை எரியாமல், மூக்கு அடைக்காமல், ராத்திரி தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ள வீட்டு வைத்தியம் உதவும். அதனால் சளிக்கு என்ன மருந்து என்று தேடாதீர்கள். இந்த நேரத்தில் எது தொந்தரவு செய்கிறது என்று பாருங்கள். அதற்கு ஏற்றதைச் செய்தால் போதும்.

முதலில், இது சளிதானா?

சாதாரணச் சளி மெதுவாக வரும். ஒருநாள் தொண்டை கரகரக்கும், மறுநாள் மூக்கு ஒழுகும், தும்மல் வரும், உடம்பு லேசாகக் கதகதக்கும். எழுந்து நடமாட முடியும்.

ஃப்ளூ காய்ச்சல் அப்படி வராது. காலையில் நன்றாக இருந்தவர் சாயங்காலம் படுத்துவிடுவார். குளிர், 101, 102 டிகிரிக் காய்ச்சல், கை கால் முதுகெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலி, வறட்டு இருமல். கிருமி தொற்றிய 1 முதல் 4 நாளுக்குள் இது தொடங்கும். கர்ப்பிணிகள், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த அறிகுறிகளைக் கண்டதும் கஷாயம் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பலன் நன்றாகத் தெரியும். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, நம் ஊரில் அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். மழைக்காலத்தில் மூக்கும் ஒழுகாமல், இருமலும் இல்லாமல், காய்ச்சல் மட்டும் கொளுத்துகிறதா? கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதா? அப்படியானால் டெங்குவாக இருக்கலாம். இதில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். காய்ச்சல் விட்டதும் வயிறு வலித்தால், ஓயாமல் வாந்தி வந்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சளி அறிகுறியே இல்லாத காய்ச்சல் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

அலமாரியில் இருக்க வேண்டியவை

உடம்பு சரியில்லாதபோது கடைக்கு அலைய முடியாது. நன்றாக இருக்கும்போதே ஒருநாள் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் சுக்கு 50 கிராம், மிளகு, திப்பிலி கொஞ்சம், பனங்கற்கண்டு, கருப்பட்டி எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் மல்லி விதை, சீரகம், மஞ்சள் தூள், பூண்டு, ஒரு சின்ன பாட்டில் தேன். மருந்துக் கடையில் ஒரு தெர்மாமீட்டர், ஒரு பட்டை பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு, உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்து. எல்லாமே ஒரு ஷூ டப்பாவுக்குள் அடங்கிவிடும்.

தெர்மாமீட்டரை மட்டும் தவிர்க்காதீர்கள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதற்கு இன்னொருவர் வேண்டும். தனி அறையில் அந்தக் கை இருக்காது.

தொண்டை கரகரக்கும் முதல் நாள்

இந்த நாளில் உப்புத் தண்ணீர்தான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் (சுமார் 250 மில்லி) அரை டீஸ்பூன் கல்லுப்பு. நன்றாகக் கரைய வேண்டும். தலையை அண்ணாந்து தொண்டைக்குழி வரை விட்டு, அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். ஒரு டம்ளர் தீரும் வரை. காலை, மதியம், படுக்கும் முன் என்று மூன்று வேளை. தொண்டை வீக்கத்தை இது கொஞ்சம் தணிக்கும், எரிச்சல் அடங்கும். மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை போடுபவர்களும் உண்டு, போடலாம். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால் புண்ணான தொண்டை இன்னும் புண்ணாகும், கை பொறுக்கும் சூடு போதும்.

அப்புறம், அன்றைக்கே சீக்கிரம் படுங்கள். இதை எல்லோரும் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை. முதல் நாள் ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கியவளுக்கும் பன்னிரண்டு மணி வரை லேப்டாப்பைத் தட்டியவளுக்கும் மூன்றாம் நாள் எப்படி இருந்தது என்று எங்கள் வீட்டில் இரண்டு பெண்களை வைத்தே பார்த்திருக்கிறேன்.

மூக்கடைப்புக்கு ஆவி

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வைத்தியத்தில்தான் காயம் படுகிறது. என் பையனுக்கு ஏழு வயதில், கட்டிலின் மேல் பாத்திரத்தை வைத்து ஆவி பிடிக்க வைத்தேன். போர்வைக்குள் அவன் அசைந்தான், மெத்தை சாய்ந்தது, தண்ணீர் தொடையில் கொட்டிவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. செய்தது நான்தான், அவன் மேல் தப்பில்லை. அதனால் இப்போது யார் கேட்டாலும் இந்த வரிசையில்தான் சொல்கிறேன்.

அகலமான, அடி கனமான பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆடாத மேஜைமேல் அல்லது தரையில், சுவரோரமாக வையுங்கள். கட்டில் வேண்டாம், மடி வேண்டவே வேண்டாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுங்கள். கெட்டிலில் காய்ச்சியிருந்தால் பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். கெட்டிலின் மூக்கிலிருந்து நேரடியாகப் பிடிக்காதீர்கள், அந்த ஆவி மிகச் சூடு. பாத்திரத்துக்கும் முகத்துக்கும் ஒரு முழம் இடைவெளி விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு மூக்கால் இழுத்து வாயால் விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். முகம் சுட்டால் துண்டை விலக்கிக்கொள்ளுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதில் எந்தப் பலனும் இல்லை. முடிந்ததும் மூக்கைச் சிந்துங்கள், ஒவ்வொரு துளையாக. இரண்டையும் சேர்த்து அழுத்திச் சிந்தினால் காது வலிக்கும்.

தண்ணீரில் என்ன போடுவது? நொச்சி இலை கிடைத்தால் ஒரு கைப்பிடி. கிராமங்களில் வேலியோரம் இருக்கும், நகரத்தில் கீரைக்காரம்மாவிடம் சொல்லி வைத்தால் கொண்டுவருவார்கள். துளசி, கற்பூரவள்ளி, எதுவானாலும் சரி. நீலகிரித் தைலம் என்றால் இரண்டு சொட்டு, அதற்கு மேல் போனால் கண் எரியும். எதுவுமே கிடைக்கவில்லையா, வெறும் தண்ணீரே போதும். இலையின் வாசனை சுவாசத்தை லேசாக்கியதுபோல உணரவைக்கும், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் மூக்கு திறந்திருக்கும், மறுபடி அடைக்கும். அதனால் படுக்கும் முன் பிடித்தால்தான் உபயோகம். பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இது வேண்டாம். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, அந்தப் புகைமூட்டத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்தால் போதும்.

விரலி மஞ்சளைச் சுட்டு அந்தப் புகையை மூக்கில் இழுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. புகை எதுவானாலும் மூச்சுக்குழாயை எரிக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலையே கொண்டுவந்துவிடும். நான் அதைச் சொல்வதில்லை.

ஆவியைவிட எனக்கு அதிகம் பிடித்தது உப்புநீர் சொட்டு மருந்து. ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று சொட்டு விட்டுச் சிந்தினால் கெட்டிப்பட்ட சளி இளகி வந்துவிடும். மூக்கைக் கழுவும் ஜலநேத்திச் செம்பு வைத்திருப்பவர்கள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர் கொதித்து ஆறியதாகவே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எதையும் அப்படியே மூக்குக்குள் விடக் கூடாது. கேரளத்தில் 2024-லும் 2025-லும் மூளையைத் தாக்கிய அமீபா, மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது.

சுக்கு மல்லிக் காபி

காபி என்று பெயரே தவிர இதில் காபித் தூள் கிடையாது. எங்கள் பாட்டி சுக்கை அப்படியே இடிக்க விடமாட்டார். "சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு" என்று சொல்லி, கத்தியால் மேல்தோலைச் சுரண்டிய பிறகுதான் உரலில் போடுவார். நீங்களும் தோலைச் சீவிவிட்டு, முதலில் நசுக்கிக்கொள்ளுங்கள். முழுச் சுக்கை அப்படியே மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும்.

மல்லி விதை 100 கிராமை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுக்க வேண்டும், கருகக் கூடாது. சுக்கு 50 கிராம், மிளகு ஒரு மேஜைக்கரண்டி, ஏலக்காய் ஐந்தாறு, திப்பிலி இருந்தால் நாலைந்து. இவற்றையும் லேசாகச் சூடேற்றி, ஆறவைத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடித்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டுக்கொள்ளுங்கள்.

குடிக்கும்போது ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பொடி போட்டு, ஒரு டம்ளராகச் சுண்டும் வரை கொதிக்க விடுங்கள். கருப்பட்டியைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், அதில் மண் இருக்கும். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் மணமே வேறு. பால் ஊற்ற வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் போதும். அதற்கு மேல் குடித்தால் வயிறு எரியும், நெஞ்சு கரிக்கும். ஏற்கெனவே அல்சர் இருப்பவர்கள் மிளகையும் திப்பிலியையும் விட்டுவிட்டு, மல்லியை அதிகமாக்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்று: கருப்பட்டியும் சர்க்கரைதான். "கருப்பட்டி ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக் கொடுத்து, என் மாமனாருக்கு அளவு எகிறியது.

ராத்திரிக்கு மஞ்சள் பால். ஒரு டம்ளர் பாலில் கால் டீஸ்பூன் மஞ்சள் தூள், ஒரு சிட்டிகை மிளகுத் தூள், பனங்கற்கண்டு. மஞ்சளிலுள்ள குர்குமினை உடம்பு எளிதில் உறிஞ்சுவதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் அதற்குக் கைகொடுக்கிறது. அந்தச் சிட்டிகை மிளகு அதற்காகத்தான். பால் குடித்தால் சளி கூடும் என்று ஒரு பயம் உண்டு. பால் தொண்டையில் கொஞ்சம் கெட்டியாக ஒட்டியதுபோல இருக்குமே தவிர, சளியை அது உண்டாக்குவதில்லை. பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

என்ன சாப்பிடுவது

பசிக்காது, வாய் கசக்கும். ஆனாலும் வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று இருந்தால் ரசம் வைத்துவிடலாம்.

மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், பூண்டு ஆறு பல். மிக்ஸி இல்லையென்றால் ஒரு துணியில் முடிந்து, டம்ளரின் அடிப்பக்கத்தால் நசுக்குங்கள். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைக் கையால் பிசைந்து விட்டு, மஞ்சள் தூள், உப்பு, கறிவேப்பிலை போட்டு, புளியின் பச்சை வாசனை போகும்வரை கொதிக்க வையுங்கள். பிறகு நசுக்கியதைப் போட்டு, தேவையான தண்ணீர் ஊற்றி, மேலே நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள். ரசம் தளதளவென்று கொதித்தால் ருசி போய்விடும். தாளிக்கச் சோம்பலாக இருந்தால் தாளிக்காமலே குடிக்கலாம், காய்ச்சல்காரருக்கு யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். சூடாக டம்ளரில் குடிக்கும்போது மூக்கு தானாகத் திறப்பதைப் பார்ப்பீர்கள்.

தூதுவளை கிடைத்தால் ஒரு கைப்பிடி இலையை நெய்யில் வதக்கி அரைத்து இதே ரசத்தில் சேர்க்கலாம். முள்ளை ஆய்ந்து எடுக்க மறக்காதீர்கள். கொங்குப் பக்கம் கொள்ளு ரசம், கடலோரத்தில் நண்டு ரசம், வேறு பல வீடுகளில் நாட்டுக்கோழிச் சாறு. எல்லாவற்றிலும் வேலை ஒன்றுதான்: உப்பும் தண்ணீரும் சூடும் காரமும் உடம்புக்குள் போகின்றன. உங்கள் வீட்டில் எதை வைப்பார்களோ அதையே வையுங்கள், உடம்பு முடியாத நேரத்தில் பழகிய ருசிதான் உள்ளே இறங்கும்.

அதுவும் முடியாவிட்டால் நொய்க் கஞ்சி. ஒரு பங்கு நொய்க்கு ஆறு பங்கு தண்ணீர், உப்பு, ஒரு துளி சீரகம். காய்ச்சல் உள்ள நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எதையாவது குடித்துக்கொண்டே இருங்கள். போதுமான அளவு குடித்திருக்கிறீர்களா என்பதைச் சிறுநீர் சொல்லும். அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை.

ராத்திரி இருமல்

பகலைவிட ராத்திரிதான் இருமல் படுத்தும். படுத்ததும் மூக்கிலிருந்து சளி தொண்டையில் இறங்குவதால் அப்படி. தலைக்கு இரண்டு தலையணை வையுங்கள். படுக்க அரைமணி நேரம் முன்பு ஒரு டீஸ்பூன் தேன். இது வெறும் பாட்டி சொல் அல்ல, குழந்தைகளின் இருமலுக்குத் தேன் உதவுகிறது என்று ஆராய்ச்சிகளிலும் பார்த்திருக்கிறார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கற்பூரவள்ளி இலை இரண்டை நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு கல் உப்போடு மென்று சாற்றை விழுங்கலாம். காரமாக இருந்தால் இலையைத் தணலில் வாட்டிப் பிழிந்து தேனில் குழைத்துக்கொள்ளலாம்.

நெஞ்சில் கட்டிய சளிக்கு ஆடாதோடை. இதைப் பற்றி ஒன்று சொல்ல எனக்கு ஆசை. மருந்துக் கடையில் சளியை இளக்க விற்கும் சிரப்பில் புரோம்ஹெக்சின் என்று எழுதியிருக்கும், அல்லது அம்ப்ராக்சால். இந்த இரண்டும் ஆடாதோடை இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளைப் பார்த்து உருவாக்கப்பட்டவை. நம் வேலியில் நிற்கும் செடியிலிருந்துதான் அந்த வழி தொடங்கியது. அதே காரணத்தால் அதற்கு வீரியமும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை ஆகாது, கருப்பையைச் சுருங்கவைக்கும். அதிமதுரத்துக்கும் வீரியம் உண்டு. ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் வறட்டு இருமல் அடங்கும், ஆனால் நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் விட்டுவிடுங்கள்.

கபசுரக் குடிநீரை 2020-ல் எல்லோரும் குடித்தோம். நிலவேம்புக் குடிநீரை டெங்குக் காலங்களில் அரசே வழங்கியிருக்கிறது. முன்னதில் பதினைந்து சரக்கு, பின்னதில் ஒன்பது. இவை சித்த மருந்துகள், டீ அல்ல. மாதக்கணக்கில் தினமும் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் சித்த மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம்.

காய்ச்சல் ஏறினால்

நூறு டிகிரிக்குப் பதற வேண்டியதில்லை. உடம்பு அனத்தி, தலை வலித்துத் தூங்க முடியவில்லையென்றால் பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம் ஒன்று. அடுத்ததற்கு ஆறு மணி நேரம் இடைவெளி. ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். சளிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கல்லீரல் தாங்காது. பட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களும் தினமும் மது குடிப்பவர்களும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

டெங்குச் சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். மருந்துக் கடையில் அவர்களாகவே எடுத்துக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கையும் வாங்காதீர்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாக, பச்சையாக மாறிவிட்டது என்பதும் அதற்குக் காரணமாகாது. சாதாரணச் சளியிலேயே மூன்று நான்கு நாளில் அந்த நிறம் வரும்.

உடம்பைத் துடைக்க வெதுவெதுப்பான தண்ணீர்தான். ஐஸ் தண்ணீரில் துடைத்தால் நடுக்கம் வந்து சூடு கூடும்.

வீட்டில் குழந்தை இருந்தால்

தனியாக இருப்பவர்களுக்கான கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அண்ணன் குழந்தைக்குச் சளி பிடித்திருக்கும், வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலினம் கிருமியின் விதைகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் செயலிழந்து மூச்சே நிற்கலாம். பிறந்த குழந்தைக்குச் சேனை என்று தேன் தொட்டு வைப்பதும் இதில் சேரும். மூக்கில் எண்ணெய் விடுவது, குளிப்பாட்டியதும் மூக்கில் ஊதுவது, இரண்டும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். இரண்டு வயதுக்குள் கற்பூரம் கலந்த தைலத்தை நெஞ்சில் தேய்க்காதீர்கள். சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவுவதும் அதேதான். வலிப்பு வரலாம். நீலகிரித் தைலத்தைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், கொஞ்சம் விழுங்கினாலே விஷம்.

இருமல் சிரப்பும் வேண்டாம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த சிரப்பைக் குடித்துக் குழந்தைகள் இறந்த பிறகு, இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்துகளே கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு மறுபடியும் அறிவுறுத்தியது. சிசுவுக்குத் தாய்ப்பால், அடிக்கடி. மூக்கடைத்தால் பால் குடிப்பதற்கு முன் உப்புநீர் ஒரு சொட்டு. இவ்வளவுதான் தேவை.

குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பாருங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ போனால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், உடனே கிளம்புங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே மருத்துவரிடம்தான்.

கஷாயத்தை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்

காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றால் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல் விட்டு, இரண்டு நாள் நன்றாக இருந்து, மறுபடி குளிரோடு வந்தாலும் பார்க்க வேண்டும். அது நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், ரத்தம் கலந்த சளி வந்தால், பேச்சு குழறினால், உதடு நீலம் பாரித்தால், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே காட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். ராத்திரியில் சந்தேகம் மட்டும்தான் என்றால் தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

தனியாக இருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். படுத்துவிட்ட முதல் நாளே பக்கத்து அறைக்காரரிடமோ வீட்டு உரிமையாளரம்மாவிடமோ "எனக்கு உடம்பு சரியில்லை, காலையில் ஒரு தடவை கதவைத் தட்டுங்கள்" என்று சொல்லி வையுங்கள். கூச்சப்படாதீர்கள். அக்கா மகள் அப்படிச் சொல்லி வைத்ததால்தான் இரண்டாம் நாள் அவளுக்குக் கஞ்சி கிடைத்தது.

தேறும் நாட்கள்

காய்ச்சல் மாத்திரை இல்லாமலேயே ஒரு நாள் முழுக்கச் சூடு இல்லாமல் இருந்தால் வேலைக்குப் போகலாம். அதுவரை அலுவலகத்துக்குப் போய் நாலு பேருக்குக் கொடுக்காதீர்கள். ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவும், அதன்பின் ஐந்தாறு நாளும் பரவும். இருமும்போது முழங்கை மடிப்பில் இருமுங்கள். மூக்கைத் துடைத்த கைக்குட்டையை வெந்நீரில் போட்டு அலசுங்கள், தலையணை உறையையும் மாற்றுங்கள்.

இருமல் மட்டும் இரண்டு வாரம் இழுக்கலாம், அதற்குத் தேனும் வெந்நீரும் போதும். இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தாலோ அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இலவசம்தான்.

மிச்சமிருக்கும் சுக்குப் பொடியை ஈரக் கரண்டி படாமல் மூடி வைத்தால் மூன்று மாதம் வரும். கருப்பட்டியைத் தனியாக வையுங்கள், மழைக்காலத்தில் அது கசிந்து பொடியையும் கெடுத்துவிடும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது கற்பூரவள்ளியில் ஒரு சாண் குச்சியை ஒடித்து ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். பழைய பெயின்ட் டப்பாவில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஜன்னலோரம் கொஞ்சம் வெயில் படும் இடத்தில் நட்டு, மண் காயும்போது மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். அடுத்த மழைக்குள் தழைத்துவிடும்.